வருஷத்தின் முதல் கால்

டெட் என்கிற எங்கள் புத்தாண்டுப் பண்டிகை நெருங்கும்போது முதுகுப்பையோடு ஹனோய் வருகிறவர்களுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்பது என் அபிப்பிராயம். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளியே போகிற நேரத்தில் இவர்கள் உள்ளே வருவார்கள். எங்கள் சந்தில் அப்போது நிற்கக்கூட இடமிருக்காது. ஒவ்வொரு பைக்கின் பின்னாலும் பூத்த பீச் மரக் கிளையோ, தொட்டியோடு ஒரு ஆரஞ்சுச் செடியோ ஆடிக்கொண்டு போகும். அந்த நெரிசலில் புகுந்து, பையால் நாலு பேரை இடித்து, திட்டு வாங்கிக்கொண்டு எங்கள் விடுதிப் படியேறினாள் தியெம்.

"அக்கா, இருக்கறதுலயே மலிவான கட்டில் எது?"

"கழிவறை பக்கத்துல, மேல் கட்டில். மூக்குன்னு ஒண்ணு இருந்தா கஷ்டம்."

"எனக்கு ஜலதோஷம். குடுங்க."

வந்ததும் வராததுமாக அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. தெற்கே கான் தோ பக்கத்துக்காரி. இருபத்தெட்டு வயது, வட்ட முகம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. பஸ் காசு மிச்சம் என்று நாள் பூரா ஊரை நடந்தே சுற்றுவாள். கடை கட்டுகிற நேரம் பார்த்துப் போய், மீந்த ரொட்டியைப் பாதி விலைக்கு அடித்துப் பேசி வாங்கி வருவாள். வெந்நீர்க் கெண்டியில் முட்டை அவித்துத் தின்றதற்கு நான் போட்ட சத்தத்தில் வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். அவள் எனக்கும் ஒரு முட்டை உரித்துக் கொடுத்தாள்.

"டெட்டுக்கு வீட்டுக்குப் போகலையாடி? புருஷன் எங்க?"

"ஊர்லதான். இந்த வருஷம் சும்மா ஊர் சுத்தலாம்னு..." என்று சிரித்தாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் லியூ. விடுதி தோவன் அண்ணனுடையது, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறை என்னுடையது. உலகத்தில் எனக்கென்று இருப்பது அந்த அறை ஒன்றுதான். போன வருஷம் பாதிக் கட்டில் காலியாகவே கிடந்தது. "அடுத்த வருஷமும் இப்படித்தான்னா இழுத்து மூடிட்டு பைக் நிறுத்துற இடமா ஆக்கிடுவேன்" என்று அவர் சொல்லியிருந்தார். பைக்குகளுக்கு நடுவே என்னை நிறுத்திவைக்க மாட்டார்.

அதனால் இந்த முறை வருஷத்தின் முதல் கால் விஷயத்தை அவர் அசட்டையாக விடவில்லை. புது வருஷத்தில் வாசல்படியை முதலில் தாண்டுகிறவர் எப்படியோ, அப்படித்தான் அந்த வீட்டுக்கு வருஷமும். பெண்டாட்டி பிள்ளை குட்டியோடு செழிப்பாக இருக்கும் ஜவுளிக்கடை லோக்கை அவர் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். எங்கள் கணக்கில் வருஷத்துக்கு ஒரு மிருகமாகப் பன்னிரண்டு உண்டு; பிறக்கப்போவது நாய் வருஷம். லோக் புலி வருஷத்தில் பிறந்தவர், கச்சிதமான பொருத்தம்.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் போன் வந்தது. லோக்கின் அப்பா செத்துப்போனார்.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தேன். எதிரே தியெம் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "சாவு விழுந்த வீட்டு ஆளு டெட்டுல அடுத்தவன் வாசலை மிதிக்கக் கூடாதே. நாளைக்கு விடிஞ்சா பண்டிகை, இப்ப எவனைப் போய்ப் பிடிக்கறது?"

அவள் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்துவிட்டாள். எனக்கோ வேறு யோசனை ஓடியது.

"நீ எந்த வருஷம் பொறந்தே?"

"குதிரை."

குதிரை! நாய்க்குப் புலி எப்படியோ குதிரையும் அப்படியே. வட்ட முகம், கல்யாணம் ஆனவள், சிரித்த வாய். போனில் சொன்னதும் தோவன் அண்ணனுக்கும் உயிர் வந்தது.

"வேண்டாம்க்கா. வேற யாரையாவது பாருங்க."

"வேற யாரு? மேல் மாடி டென்மார்க்காரனா? காலுக்குச் செருப்பில்லாம அலையறான். அவன் நுழைஞ்சா தரித்திரம் கூடவே நுழையும்."

"நீங்களே நுழையலாமே?"

"நானா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பிள்ளை பெறாதவள். சந்தையில் முதல் வியாபாரமாக நான் போய் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால், என் முதுகுக்குப் பின்னால் காகிதம் கொளுத்தித் தோஷம் கழிப்பார்கள். அதனாலேயே எப்போதும் வெயில் ஏறிய பிறகுதான் சந்தைக்குப் போவேன். "என் கால் பட்டா இந்த வீடு பைக் ஸ்டாண்டுதான்டி" என்றேன்.

மறுநாள் விடியலில் அவளை வெளியே அனுப்பினேன். ஒரு சுற்று நடந்துவிட்டுச் சிரித்த முகமாக வந்து நுழைய வேண்டும், அவ்வளவுதான் வேலை. டென்மார்க்காரனைப் படியை விட்டு இறங்கக் கூடாது என்று சைகையில் மிரட்டிவைத்தேன். சிவப்பு உடுப்பு போட்டு, முதல் காலுக்குக் கொடுக்கப் பணம் வைத்த சிவப்பு உறையோடு வாசலுக்கு உள்ளே நின்றேன். பொடித்தூறல். நேற்றுவரை மூச்சு முட்டிய சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

வந்தாள். வாசல்படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டாள். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"அக்கா, என் வீட்டுக்காரர் எட்டாம் மாசம் செத்துட்டாரு."

"ஊர்ல இருக்காருன்னியே?"

"ஊர்லதான். வயல் ஓரத்துல புதைச்சிருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "அவரோட அண்ணன் வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு, டெட்டுக்கு அங்க போயிடாதேன்னு மாமியார் சொல்லிட்டாங்க. தெரியாத ஊருக்குப் போனா யார் கேக்கப் போறான்னு பையைத் தூக்கிட்டு வந்தேன். இங்க வந்தா, நீங்க என்னையே தேடிப் பிடிச்சீங்க."

என் பார்வை அவள் காலுக்கும் வாசல்படிக்கும் நடுவே போய் வந்தது.

"சொல்லாம நுழைஞ்சிடலாம்னுதான் பார்த்தேன். ஒரு வீட்லயாவது வா வான்னு கூப்பிடறாங்களேன்னு அவ்வளவு ஆசையா இருந்துச்சு. ஆனா உங்களுக்கு இருக்கறது இந்த ஒரு வீடு. முடியலக்கா."

நான் வாசலை விட்டு விலகவில்லை. அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். "பை மேலயே இருக்கட்டும். யாராவது நுழைஞ்சப்புறம் வரேன்" என்று தூறலில் நடந்து போய்விட்டாள்.

யார் வருவார்கள்? பண்டிகைக் காலையில் எங்கள் விடுதியைத் தேடி வர யாருக்கு என்ன தலையெழுத்து? உறை கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவள்மேல் அல்ல. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

ஏரிக்கரைக் கல் பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்கக் கதவு சாத்திக் கிடந்தது.

"யாராவது வந்தாங்களா?"

"இல்ல."

"அப்ப நான் வரமாட்டேன்."

"உன்னை யாருடி கூப்பிட்டா? நான் வெளிய வந்துட்டேன், தெரியலையா? இனிமே உள்ள போற முதல் ஆளு நான்தான். கெடறதுன்னா என் காலாலயே கெடட்டும். நீ ரெண்டாவது. ரெண்டாவது ஆளைப் பத்தி எந்தச் சாத்திரமும் வாய் திறக்கல. எழுந்திரு, குளிருது."

என்னையே பார்த்தாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், அது அழுகையில் போய் முடிந்தது.

திரும்பி வந்து, அவளைச் சந்தில் நிறுத்திவிட்டு நான் படியேறினேன். முதல் கால் சொல்ல வேண்டிய வாழ்த்து ஒன்று இருக்கிறதே. காலி மேஜையைப் பார்த்து, "பணம் தண்ணியா உள்ள வரட்டும்! கட்டில் எல்லாம் நிறையட்டும்!" என்று கத்தினேன். இந்த ஐம்பத்திரண்டு வயதுக்குள் அந்த வார்த்தைகளை எந்த வாசலிலும் என்னை யாரும் சொல்ல விட்டதில்லை.  மேல் படியில் டென்மார்க்காரன் என்னவென்று புரியாமலே கைதட்டினான்.

"இப்ப வாடி உள்ள" என்றேன்.

தோவன் அண்ணன் போன் செய்தார். "அந்தப் பொண்ணு நுழைஞ்சாளா?"

"இல்லண்ணே. நான்தான் நுழைஞ்சேன்."

"நீயா?" என்றார். பிறகு "சரி" என்று வைத்துவிட்டார்.

பண்டிகை முடிந்து வண்டிகள் ஓடத் தொடங்கியதும் தியெம் மலைப்பக்கம் போகிற மலிவான பஸ்ஸில் ஏறிப் போனாள்.

அந்த வருஷம் வியாபாரம் நன்றாக இருந்தது என்றும் சொல்ல முடியாது, படுத்தது என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தால்கூட தோவன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என் கால்களைப் பார்ப்பார். அடுத்த டெட் நெருங்கியபோது ஒரு டப்பா இனிப்போடு வந்தார்.

"லியூ, நீ லீவே எடுத்ததில்ல. இந்த டெட்டுக்கு எங்கயாவது போய்ட்டு வாயேன்."

நல்ல மனுஷர். அதைக்கூட அன்பாகத்தான் சொன்னார். புரிந்துகொண்டேன்.

யாரோ விட்டுப்போன முதுகுப்பை ஒன்று கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு, ரயிலில் மரப்பலகை இருக்கையில் உட்கார்ந்தபடியே சைகோன் போய்ச் சேர்ந்தேன். கான் தோ அங்கிருந்து பக்கம்தான். ஆனால் தியெமை இந்த வருஷம் புருஷனின் அண்ணன் வீட்டில் சேர்த்துக்கொண்டார்களாம், போனில் சொல்லியிருந்தாள். அந்த வாசலில் போய் நான் நிற்பேனா? பூக்கடைகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே நாலு பேரை இடித்துக்கொண்டு ஒரு சந்து விடுதியைக் கண்டுபிடித்தேன். இருப்பதிலேயே மலிவான கட்டிலைக் கேட்டேன்.

மேஜையில் இருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். "டெட்டுக்கு வீட்டுக்குப் போகலையாக்கா?" என்றாள்.

"இந்த வருஷம் சும்மா ஊர் சுத்தலாம்னு" என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க எந்த வருஷம் பொறந்தவங்க?"

ஆட்டு வருஷம். பிறக்கப்போகும் பன்றி வருஷத்துக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. சொன்னால் அவள் முகம் மலர்ந்துவிடும். அடுத்த கேள்வி புருஷன் பிள்ளைகளைப் பற்றித்தான் வரும்.

நான் பையை முதுகிலிருந்து இறக்காமல் நின்றேன்.