திறன்பலகைக்குப் பொட்டு

ஆலையடிமடு வித்தியாலயத்துக்குத் திறன்பலகை வந்த அன்று அதிபர் நல்லரத்தினம் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மகளின் கலியாணத்துக்குப் பிறகு அந்த வேட்டி வெளிச்சத்தைக் கண்டது அன்றைக்குத்தான்.

அவரைக் குறைசொல்ல முடியாது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எது வந்தாலும், அது கிழக்கே எழுவான்கரைப் பள்ளிக்கூடங்களைச் சுற்றி, வேண்டாமென்று தள்ளப்பட்ட பிறகுதான் தோணி ஏறும். கதிரை வந்தால் மூன்று காலோடு வரும். வாத்தியார் வந்தால் வந்த கையோடு இடமாற்றம் கேட்டு எழுதுவார். இந்தப் பலகை மட்டும் பெட்டி பிரிக்காமல், பொலித்தீன் மணத்தோடு வந்தது. தொட்டால் எழுதும், தொட்டால் அழிக்கும், தொட்டால் படம் ஓடும் என்றார்கள்.

நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, கல்விப் பணிப்பாளர் வினாயகமூர்த்தியை அழைத்துத் திறப்புவிழா நடந்தது. பணிப்பாளரை ஊரில் எல்லோரும் டிரெக்டர் என்றுதான் சொல்வார்கள். அவரும் அதைத்தான் விரும்புவார். அவர் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு பலகையை நெருங்கியபோது நல்லரத்தினம் பாய்ந்து தடுத்தார்.

"சேர், கண்ணாடியில பூசாதீங்க, பழுதாப் போயிரும். சுத்திவர இருக்கிற சட்டத்தில வைங்க."

தன் தொழில்நுட்ப அறிவை நினைத்து அவருக்கே புல்லரித்தது. டிரெக்டர் கீழ்ச்சட்டத்தில் மூன்று பொட்டு வைத்து, நடுவே குங்குமமும் அப்பி, கமராவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "நாலாவது தொழிற்புரட்சி இண்டைக்கு ஆலையடிமடுவின் வாசலில் வந்து நிற்கிறது" என்று முழங்கினார். வாசலில் அப்போது நின்றது ஒரு எருமைக்கன்று.

அடுத்த நாளே பலகைக்குக் கிறுக்குப் பிடித்தது. விஞ்ஞான ஆசிரியை யசோதினி அதைப் போட்டதும், யாரும் தொடாமலே கோடு கிறுக்கியது. திறந்த படத்தைத் தானே மூடியது. ஒருநாள் சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டி ஏதோ விளம்பரத்தைக் கத்த, பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் இடைவேளை என்று நினைத்து முற்றத்துக்கு ஓடின.

"நாவூறு சேர்," என்றார் சமயபாட ஆசிரியை புஸ்பம். "எழுவான்கரையார் வந்து வாயப் புளந்து பாத்துட்டுப் போனவங்கதானே. கண் பட்டுட்டு."

நல்லரத்தினத்துக்கு அது சரியாகவே பட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் பலகைக்குக் கற்பூரம் காட்டி, பழைய பொட்டின்மேல் புதுச்சந்தனம் சாத்தினார். பொட்டுக்குமேல் பொட்டாகி, சட்டத்தில் மூன்று குட்டி வடைகளை ஒட்டிவிட்டதுபோல் ஆயிற்று. வெள்ளிக்கு வெள்ளி பலகையின் கிறுக்கும் முற்றியது. பக்தி போதவில்லை என்று அதிபர் சாம்பிராணியையும் சேர்த்துக்கொண்டார்.

இப்படியே ஒரு பள்ளித்தவணை போனது. ஒருநாள் டிரெக்டர் தொலைபேசி எடுத்தார்.

"வியாழக்கிழமை வாறன். மாதிரிப் பாடம் ஒண்டு வைங்க. பலகை ஓடல்லயெண்டா எழுவான்கரைக்குக் குடுக்கப் போறன். அங்க ஒரு அதிபர் கேட்டுக்கொண்டே நிக்கிறார். லொறியும் என்னோடயே வரும்."

கேட்டுக்கொண்டு நின்ற அந்த அதிபர், நல்லரத்தினத்தின் மனைவியின் தமையன். பலகை அங்கே போனால், இனிக் கோயில் சடங்கென்ன, செத்தவீடென்ன, மச்சானின் வாயில் அந்தக் கதைதான்.

புதன்கிழமை யசோதினி அவருடைய அறைக்கு வந்தாள்.

"சேர், கண்டுபுடிச்சிட்டன். பேயுமில்ல, நாவூறுமில்ல. சந்தனம்."

"என்ன புள்ள பறையிறாய்?"

"அந்தச் சட்டத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குறுக்கும் நெடுக்கும் ஓடுது சேர். விரல் மறைச்சா, ஆரோ தொடுறாங்க எண்டு பலகை விளங்கிக்கொள்ளும். உங்கட சந்தனம் உள்விளிம்பு வரைக்கும் அப்பிக் காஞ்சு கிடக்கு. அது பாவம், எந்த நேரமும் மூணு பேர் தன்னக் குத்திக்கொண்டு நிக்கிறாங்க எண்டு நினைக்குது. துடைச்சா சரி."

கண்ணாடியில் பூசாதீர்கள், சட்டத்தில் வையுங்கள் என்று சொன்ன வாய் தன்னுடையது என்பது நல்லரத்தினத்துக்கு நினைவு வந்தது. வந்த நினைவை வந்த வழியே அனுப்பிவைத்தார்.

"துடைக்கிறதா? டிரெக்டர் தன்ட கையால வெச்ச பொட்டு! பொட்டழிக்கிறது செத்தவீட்டு வேல புள்ள. அவர் வந்தவுடன முதல்ல தேடப்போறது அதத்தான். அவர்ட வீட்டு ஹோலில மாட்டியிருக்கிற படத்திலயும் அந்தப் பொட்டுத்தான் முன்னுக்கு நிக்குது."

"சேர், நமக்கு ஆய்வுகூடமும் இல்ல. இதுவும் போனா நான் திரும்பச் சோக்கட்டியாலதான் இதயம் கீறணும். போன வருசம் நான் கீறினதப் பாத்து வத்தாளங்கிழங்கு எண்டு எழுதினவன் இருக்கான்."

"சாமி பாத்துக்கொள்ளும். நீ போ."

வியாழக்கிழமை டிரெக்டரின் வாகனம் வந்தது. பின்னாலேயே லொறியும் வந்தது. சாரதி இறங்கும்போதே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இறங்கினான். டிரெக்டர் வகுப்புக்குள் நுழைந்து, பொட்டைக் கண்டு, "பரவால்ல, கவனமா வெச்சிருக்கீங்க" என்று மகிழ்ந்து, சந்தனத் தட்டைக் கேட்டு வாங்கி, தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் அப்பினார். யசோதினி அதிபரைப் பார்த்தாள். அதிபர் கூரையைப் பார்த்தார்.

பாடம் தொடங்குமுன் வரவேற்பாகத் திறப்புவிழாப் படத்தைப் போடவேண்டும் என்பது நல்லரத்தினத்தின் ஏற்பாடு. டிரெக்டர் பலகை நிறையச் சிரித்துக்கொண்டு தோன்றினார். பிள்ளைகள் கைதட்டின. உடனே எங்கிருந்தோ ஒரு சிவப்புக் கோடு கிளம்பி, அவருடைய மூக்கின் கீழே மெதுவாக ஊர்ந்து, இரண்டு பக்கமும் மீசையாக வளைந்து ஏறியது. பின்வரிசையில் ஒருத்தன் வாயைப் பொத்தினான். அடுத்தாற்போல் படம் பெரிதாகத் தொடங்கியது. டிரெக்டரின் முகம் மேலே போய், கழுத்துப்பட்டி போய், கடைசியில் வயிற்றுப் பக்கத்துச் சட்டைப் பொத்தான் ஒன்று மட்டும், தெறிக்கப்போகிற நிலையில், பலகையை அடைத்துக்கொண்டு நின்றது. வகுப்பு வெடித்தது.

"அதிபர், இது என்ன கூத்து?" டிரெக்டர் ஜன்னல் பக்கம் கிறுகிச் சத்தம் வைத்தார். "லொறியக் கிட்ட எடுங்க!"

நல்லரத்தினம் வகுப்பைப் பார்த்தார். முன்வரிசை வாங்கில் கம்சாயினி என்ற பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. இதயம் வரும், கீறவேண்டும் என்று டீச்சர் சொன்னதை நம்பி, பென்சிலைச் சீவி, கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, இன்னும் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே லொறி உறுமியது. மச்சானின் சிரிப்பும் அதே சுருதியில் கேட்டதுபோல் இருந்தது.

டிரெக்டருக்குப் போர்த்தவென்று மேசையில் மடித்து வைத்திருந்த பொன்னாடையை நல்லரத்தினம் எடுத்தார். எல்லோரும் போர்த்தப் போகிறார் என்றுதான் நினைத்தார்கள். டிரெக்டர் கழுத்தைக்கூடக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார். அதிபர் அவரைக் கடந்து போய், பலகையின் சட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அழுத்தித் துடைத்தார். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காகக் கழன்றது.

"முருகா!" என்றார் புஸ்பம் டீச்சர்.

பலகை மூச்சுவிட்டதுபோல் அமைதியானது.

"என்ட பொட்டையா அழிச்ச நீங்க?" டிரெக்டரின் குரல் தாழ்ந்திருந்தது. அவர் தாழ்ந்து பேசினால் யாருக்கோ இடமாற்றம் என்று பொருள்.

அதிபராக இருந்த காலமெல்லாம் நல்லரத்தினத்துக்கு நன்றாகப் பழகிப்போன வேலை, மேலதிகாரிக்குச் சாட்டுச் சொல்வதுதான்.

"அழிக்கிறதா? என்ன சேர் நீங்க! சாமிக்குச் சாத்தின சந்தனத்த வழிச்சுத்தானே பெரியாக்களுக்கு முதல்ல குடுக்கிறது? உங்களுக்கெண்டுதான் இவ்வளவு நாளும் பூசை வெச்சுக் காத்திருந்தம்."

சொன்னதோடு நிற்காமல், பொன்னாடையில் ஒட்டியிருந்த சந்தனத்தை, ஒரு தவணைத் தூசியும் சோக்குத் தூளும் கலந்தபடியே விரலில் எடுத்து, டிரெக்டரின் நெற்றியில் அகலமாகப் பூசினார். பழக்க தோசத்தில் டிரெக்டர் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டார். கூப்பின கையால் லொறியைக் கூப்பிட முடியாது.

அந்த இடைவெளிக்குள் யசோதினி இதயத்தைத் திறந்துவிட்டாள். சிவப்பும் நீலமுமாக, பலகை நிறைய, அது சுருங்கி விரிந்தது. டீச்சர் கூப்பிட, கம்சாயினி எழும்பிப் போய் ஒரு விரலை வைத்தது. இதயம் நின்றது.

"டீச்சர்! செத்துட்டா?"

"இல்ல புள்ள. திரும்பத் தொடு."

தொட்டது. இதயம் அடித்தது. பிள்ளைகள் "ஓ" என்றன. டிரெக்டரும் சொன்னார், பிறகு இருமி அதை மறைத்தார்.

"சரி, இது இஞ்சயே கிடக்கட்டும்," என்றார், நெற்றிச் சந்தனம் மூக்கில் உதிர. "ஆனா இந்த வழிச்செடுக்கிற முறை நல்லாயிருக்கு அதிபர். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சுற்றுநிருபம் ஒண்டு போடணும். படம் எடுங்க, படம் எடுங்க."

இருவரும் பலகைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள்.

"சேர்," என்றது முன்வரிசையிலிருந்து கம்சாயினியின் குரல், பென்சிலோடு. "கொஞ்சம் தள்ளுங்க. வலது இதயவறை தெரியல்ல."

நல்லரத்தினம் தள்ளி நின்றார். டிரெக்டர் அசையவில்லை. நல்லரத்தினம் அவருடைய முழங்கையைப் பிடித்து, பக்குவமாக, கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.