ஈர நெல்லில் கிடந்த டிஸ்க்

ஹார்ட் டிஸ்கைச் செருகியதும் நீல விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நவநீதன் பிடுங்கி அடுத்த ஓட்டையில் செருகினான். அதே கதைதான்.

அப்பா சோமசேகரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா சந்திரலேகாவின் தலைத் திவசம் நெருங்கிவிட்டது. தங்கை விஷ்ணுப்ரியாவின் வளைகாப்பில் அம்மா பேசிய, கேலி செய்த, யாரையோ அதட்டிய வீடியோக்கள் எல்லாம் அந்த டிஸ்கில்தான் இருந்தன. போன் நிரம்பிவிட்டதென்று நவநீதன்தான் அவற்றை அதில் ஏற்றினான். போனில் இருந்ததை அழித்துவிட்டு, அந்தப் போனையும் கொடுத்துப் புதிது வாங்கினான். டிஸ்கை விழிதியூர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். திவசத்துக்கு வரும்போது போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தான். வேறு எங்கும் அவள் குரல் இல்லை.

"படம் தெரியாட்டியும் பரவால்ல தம்பி. அவ பேசுறது கேட்டா போதும்."

"இருங்கப்பா."

வயரை மாற்றினான். டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்து பார்த்தான். லேப்டாப்பின் சொந்த டிஸ்க் மட்டும் தெரிந்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். ஒவ்வொரு தடவை செருகும்போதும் உள்ளேயிருந்து டக், டக்கென்று சத்தம் வந்தது. சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது என்று எண்ணினான். அதனால் விடாமல் செருகிக்கொண்டே இருந்தான்.

"இது எங்கயாவது நனஞ்சுதாப்பா?"

"மழையில அலமாரிப் பக்கம் ஒழுகுச்சு. அன்னிக்கே தொடச்சு நெல்லுல போட்டுட்டேன்ல." அப்பாவின் குரலில் பெருமை இருந்தது. "பக்கத்து வீட்டுப் புகழேந்தி செல்லு வாய்க்கால்ல விழுந்து, அரிசிப் பானையில போட்டுத்தான பொழச்சுது? நம்மகிட்ட அரிசி ரெண்டு படிதான் இருந்துச்சு. நெல்லு மலையாட்டம் கெடக்குறப்ப அரிசி எதுக்கு?"

"எந்த நெல்லு?"

"இதான். வேற எது இருக்கு?"

கூடத்தில் குறுவை நெல் குவிந்து கிடந்தது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல். வெயிலே இல்லாததால் காயப்போட வழியில்லை. முளைத்துவிடக் கூடாதென்று அப்பா தினமும் கிளறிவிடுவார். குவியலுக்குள் கையை விட்டால் வேர்வைச் சூடு அடிக்கும்.

நவநீதன் டிஸ்கை எடுத்துக்கொண்டு தருமபுரத்துக்குக் கிளம்பினான். அங்கே அஜ்மீர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். இருவரும் ஒரே கல்லூரி. அஜ்மீர் ஓரம் விரிந்திருந்த வெளிமூடியைக் கழற்றியதும் மேசையில் உமியும் இரண்டு நெல்மணிகளும் கொட்டின. ஒன்றில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

"என்ன மாப்ள, வெதச்சுப்புட்டியா? இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நாத்து பறிச்சிருக்கலாம்."

நவநீதன் சிரிக்கவில்லை. டிஸ்குக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொன்னான். அஜ்மீர் கேலியை விட்டான். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்த சர்க்யூட் பலகையைத் துடைத்துக் காயவைத்தான். வேறொரு பலகையை மாட்டிப் பார்த்தான். டக், டக். கடைசியில் உள்மூடியையும் திறந்தான். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய தட்டில் வட்ட வட்டமாகக் கீறல்கள். படம் பிடித்துச் சென்னையில் தெரிந்த ஆளுக்கு அனுப்பினான். அனுப்பி வைக்க வேண்டாம், தேறாது என்று பதில் வந்தது.

"எத்தன தடவ போட்டுப் பாத்த?"

நவநீதன் மேசையில் கிடந்த உமியை விரலால் ஒதுக்கினான்.

"சத்தம் வந்தா உடனே நிறுத்திடணும்டா. ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்குற முள்ளு தட்டச் சுரண்டும்." பிறகு அவனே, "சரி விடு. நெல்லு பாதி, நீ பாதி" என்றான்.

நெல்லால் கெடவில்லை என்று அப்பாவிடம் சொல்ல ஒரு பொய்யைப் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தான். வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் நெல்லைக் கிளறவில்லை. குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டுச் சூடு பார்த்தபடி குந்தியிருந்தார்.

"போச்சுப்பா. நான்தான் சும்மா சும்மா போட்டுப் பாத்துக் கெடுத்துட்டேன்."

"நெல்லுல போட்டதால போச்சா? அதச் சொல்லு."

பொய் வாய் வரைக்கும் வந்தது. அந்தக் கையைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை.

"அதாலயுந்தான்."

அப்பா கையை வெளியே எடுத்தார். ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிடவில்லை.

"நான் கொல்லையில நிக்கிறப்ப உங்கம்மா என்னக் கூப்பிடுவாளே. எப்படிடா கூப்பிடுவா?"

"ஏங்க, சோறு ஆறுதுங்க."

"அப்படி இல்ல. மொதல்ல இழுப்பா."

"ஏஏங்க..."

"அதுவும் இல்ல." அவரே சொல்லிப் பார்த்தார். கிழட்டுக் குரலாக வந்தது. நவநீதன் இன்னொரு தடவை, கொஞ்சம் குரலை ஏற்றிச் சொன்னான். அப்பா சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம்டா. காதுல இருக்குறதும் அழிஞ்சுடும்போல இருக்கு."