பூப்போட்ட குடை

வெல்டர் வீட்டில் உருப்படியாக இருந்த ஒரே குடை மனைவியின் பூப்போட்ட மடக்குக் குடைதான்.

"பிடிச்சுக்கிட்டுப் போங்க, தும்மிக்கிட்டு வந்து என் உயிரை வாங்காதீங்க" என்று கையில் திணித்தாள்.

தெருமுனை தாண்டியதும் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கொட்டும் மழையில் நடந்தார். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் பார்த்துத் தொலைத்தால் ஆயுசுக்கும் ஓட்டுவார்கள்.

கூரையில்லாத அந்த ஸ்டாப்பில் லாரி டிரைவரும் கசாப்புக்கடைக்காரரும் தொப்பலாக நின்றிருந்தார்கள்.

"ஆம்பளைக்கு மழையெல்லாம் ஒரு விஷயமாய்யா?" என்று டிரைவர் மார்தட்டினார். கூடவே ஒரு தும்மல் வெடித்தது. அவர் சட்டைக்குள்ளிருந்து பட்டாம்பூச்சி போட்ட குடை பொத்தென்று விழுந்தது.

வெல்டருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த குலுக்கலில் அவர் குடையும் விழுந்தது.

இருவரும் கசாப்புக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு கையால் மூக்கையும் மறுகையால் புடைத்த சட்டையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.