செக்கிங் மேசையில் ஓர் ஓட்டு

அமெரிக்கா ஆர்டர் படுத்துவிட்டது. பனியன் பிசிறு வெட்டும் செக்கிங் மேசையில் ஓர் ஆளைக் குறைத்தாக வேண்டும். வேறு முதலாளி என்றால் பெயரைச் சொல்லி அனுப்பியிருப்பார். சின்ன முதலாளி தரணீதரன் படித்த பிள்ளை, அந்தப் பாவத்தைத் தான் ஏன் சுமக்க வேண்டும் என்று யோசித்தார். டிவி பாட்டுப் போட்டியில் வாராவாரம் ஒரு பிள்ளையை அழவைத்து வெளியே அனுப்புகிறார்களே, அதே மாதிரி இவர்களே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

"ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள வந்து, கேமராவைப் பாத்து ஒரு பேரச் சொல்லிப்போடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நானா அனுப்புனா மனசு சங்கடமாப் போயிருமுங்க."

கோபப்பட வேண்டியவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி பவுடர்கூடப் பூசிக்கொண்டாள்.

விஜயராணி யார் பெயரைச் சொல்வாள்? சித்ராதேவிக்குக் கைக்குழந்தை. மயிலாளுக்குப் புருஷன் இல்லை. யார் வயிற்றில் அடிப்பது? பேசாமல் மதினி பெயரைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அண்ணன் பெண்டாட்டி சீனியம்மாள்தான் அவளைச் சாத்தூர்ப் பக்கமிருந்து கூட்டிவந்து, இந்த மேசையில் சேர்த்துவிட்டு, தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போடுகிறவள். அவள் தூக்குவாளியில் கை நனைக்காதவர்கள் அங்கே கிடையாது. அவள் பெயரை வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஓர் ஓட்டு வீணாகும், ஒருவருக்கும் கெடுதல் இல்லை.

"ரொம்பக் கஷ்டமான முடிவுதான், சீனியம்மாள்" என்று டிவிக்காரர்கள் போலவே கேமராவிடம் சொன்னாள்.

டீ நேரத்தில் கேமராவில் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சித்ராதேவி சீனியம்மாள் என்றாள். மயிலாளும் அதையே சொன்னாள். எல்லோரும் ஒரே கணக்குத்தான் போட்டிருந்தார்கள், நல்ல மனசோடுதான். சீனியம்மாள் மட்டும் யார் பெயரையும் சொல்ல மாட்டேன் என்று கும்பிட்டுவிட்டுப் போயிருந்தாள். படம் முடிந்ததும் யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். விஜயராணியின் கையும் தட்டியது. அவளுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை.

சாயங்காலம், வேலை போயிருந்தும், சீனியம்மாள் வழக்கம்போலத் தட்டில் சோற்றைப் போட்டாள். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துத்தான் சொன்னதாக விஜயராணி மெதுவாக ஆரம்பித்தாள்.

"தெரியும் தாயி. ஆனா யார் பேரையும் சொல்ல மாட்டேன்னு நான் சொன்னேன்ல? அதுக்கு என்னைய யாரும் ஒண்ணும் சொல்லலையே."

அப்படியும் ஒரு வழி இருந்தது என்பது விஜயராணிக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. பசிதான் தெரிந்தது. குழம்பை ஊற்றிப் பிசைந்து, தட்டு காலியாகும் வரை சாப்பிட்டாள்.