கை தவறியதாக ஒரு வரி

என் கை தவறவில்லை. தவறியிருந்தால் எலிக்குத் தெரிவதற்கு முன்பே என் விரலுக்குத் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலையிலிருந்து அவள் இதையேதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் தயார் செய்து வைப்பது, தனியாக இருப்பவர்களுக்கு ஒரு பழக்கமாகிவிடுகிறது.

மருந்துகள் கடைக்குப் போவதற்கு முன் அவற்றில் விஷம் உண்டா என்று பார்ப்பது அவள் வேலை. வேர், பட்டை, ஆலைகளிலிருந்து வரும் வெள்ளைத் தூள், எல்லாமே பெயரில்லாமல் வெறும் எண்ணோடுதான் ஆய்வகத்துக்கு வரும். யாருடையது என்று சோதிப்பவளுக்குத் தெரியக் கூடாது. தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொரு எலியாக எடை பார்த்து, பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கி, நுனி உருண்டையான வளைந்த குழாயை வாய்க்குள் இறக்கி, கரைசலை நேரே வயிற்றுக்குள் செலுத்துவாள். எலி தானாக விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் குழாய் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நுரையீரலில் மருந்து நிறைந்து எலி செத்துப்போகும். அந்தச் சாவுக்கு மருந்து பொறுப்பல்ல, கைதான் பொறுப்பு. அப்படிச் செத்த எலியை முடிவில் சேர்ப்பதில்லை.

இந்த முறை வந்தது ஒரு வேர்த்தூள். இருபத்தெட்டு நாள் சோதனை. இருபத்துமூன்றாவது நாள் காலையில், அதிக அளவு கொடுக்கப்பட்ட ஐந்து பெண் எலிகளில் ஒன்று செத்துக் கிடந்தது.

"உங்க பொண்ணு ஒருத்தி போய்ச் சேர்ந்துட்டா மேடம்," என்றார் கூண்டு கழுவுகிறவர். "வால்ல ரெண்டு கோடு போட்டவ. நேத்தே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுதான் இருந்தா. எனக்கு வீட்டுக்காரி ஞாபகம் வந்துச்சு, வாயே தெறக்காம வந்துட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது.

அறுத்துப் பார்த்தாள். நுரையீரல் இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தது. மூச்சுக்குழலில் ஒரு துளி நுரை இல்லை. ஈரல்தான் சரியில்லை. கருஞ்சிவப்பாக வழுவழுவென்று இருக்க வேண்டியது, மஞ்சள் பூத்து, புள்ளி புள்ளியாக, இடுக்கி பட்டதும் உதிர்ந்தது. கண்டதையெல்லாம் படிவத்தில் எழுதினாள். இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள். தலைமை ஆய்வாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமைக்குள்ள நிரப்பிடுங்க," என்று போய்விட்டார்.

அவள் தயங்கியதற்குக் காரணம் வாசனை. முதல் நாள் டப்பாவைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அக்கா வீட்டின் வாசனை. திரைச்சீலையில், துண்டில், அக்காவின் தலைமுடியில்கூட அது இருக்கும். அத்தான் கொல்லைப்பக்க அறையில் அரைத்துச் சலித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் தூள். அந்த நிமிடமே தலைமை ஆய்வாளரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சோதனை நல்லபடியாக முடியும், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நடுவில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து தனக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவ்வளவு சின்ன ஆசை. அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம், அவள் தனியாகக் குடியிருக்கும் அறைக்கு அக்கா வந்தாள். அக்கா அங்கே வருவது இதுதான் இரண்டாவது முறை.

"என்னடி இது, ஒத்தை நாற்காலி? வர்றவங்களை நிக்க வெச்சே அனுப்பிடுவியா?"

"யாரும் வர்றதில்லைக்கா."

"அதான் நான் வந்துட்டேனே." அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலில் குவிந்திருந்த, காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "இது கரித்துணியா, போட்டுக்கற துணியா?"

"போட்டுக்கறதுதான்."

"நல்லாத்தான் இருக்கு உன் பொழப்பு." இரண்டு துணிகள் மடித்த பிறகு, நிமிராமலே சொன்னாள். "உங்க அத்தானுக்கு நேத்து கடிதம் வந்துச்சு. எலி ஒண்ணு செத்துப்போச்சாம். காரணம் பின்னால தெரிவிப்பாங்களாம். தெரிவிக்கப்போறது நீதானே?"

"உங்க மருந்துதான்னு எனக்குத் தெரியும்னு யாருக்கா சொன்னா?"

"ஏழு வருஷமா என் வீட்டுல வந்து சாப்பிடறே. உனக்கு மூக்கு இல்லையா என்ன?"

அவள் போய் ஜன்னலைத் திறந்தாள்.

"அந்தச் சான்றிதழ் வந்தாத்தான் கடையில வெக்க விடுவாங்க. மனுஷன் ராத்திரி பூரா தூங்கவே இல்லை. ஒரு வரிதானேடி? கை தவறிடுச்சுன்னு எழுது. எலி என்ன எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லப்போகுதா?"

"மத்த நாலும் மெலிஞ்சுக்கிட்டே வருதுக்கா."

"நானும்தான் மெலியணும்னு தலைகீழா நிக்கறேன். எங்க?"

இருவரும் சிரித்தார்கள். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் சிரித்த அதே சிரிப்பு. அது அடங்கியபோது அறை முன்பைவிட வெறுமையாகிவிட்டதுபோல அவளுக்குத் தோன்றியது.

"ரெண்டு வருஷமா நானே தினம் ஒரு ஸ்பூன் சாப்பிடறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு, சொல்லு?"

அவள் தன்னையறியாமல் அக்காவின் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது, மஞ்சள் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி இன்னொரு முறை பார்க்கலாமா என்றிருந்தது. அக்காவை அப்படிப் பார்த்ததில் வெட்கமாகவும் இருந்தது.

"அதை நிறுத்திடு. ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்துடுக்கா. ஈரல் எப்படி இருக்குன்னு."

"பேச்சை மாத்தாதே." அக்காவின் முகம் சட்டென்று மலர்ந்தது. "ஏய், வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒண்ணை அப்படித்தானே கொன்னுட்டே? என் மடியில படுத்து விடிய விடிய அழுதியே. முன்னாடி ஒரு தடவை ஆனது இப்பவும் ஆகக் கூடாதா? யாரு சந்தேகப்படப் போறா?"

குத்திக்காட்டுவதற்காக அக்கா அதைச் சொல்லவில்லை. வழி கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் சொன்னாள். அதுதான் அவளுக்கு வலித்தது. அந்த எலி உள்ளங்கையில் துடித்தது, மூக்கில் நுரை கட்டியது, பிறகு ஒரு ஈரத்துணிபோலத் தொய்ந்தது, எல்லாம் விரல்களுக்கு இன்னும் நினைவிருந்தது. 'கை தவறியது' என்று அன்றைக்கு அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்காக அவள் அழுததைத் தெரிந்த ஒரே மனுஷி அக்காதான். அவளைப் பற்றி எதையாவது தெரிந்த ஒரே மனுஷியும் அக்காதான்.

துணிகள் மடித்து முடிந்துவிட்டன. அக்கா அவற்றைக் கட்டிலின் ஓரத்தில் அடுக்கி, மேலே ஒருமுறை தடவினாள்.

"சரி, நாளைக்குச் சீக்கிரம் வந்துடு. உனக்குக் காரம் கம்மியா தனியா எடுத்து வெக்கறேன். சாப்பிட உக்காரும்போது, 'எழுதிடறேன் அத்தான்'னு நீயே உன் வாயால சொல்லிடு. நான் சொன்னா நம்ப மாட்டார்."

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஜன்னலோரமாக அவளுக்கு ஒரு இடம் உண்டு. விளிம்பு நெளிந்த ஒரு தட்டு உண்டு; வேறு யாரும் அதில் சாப்பிடுவதில்லை. திங்கட்கிழமை காலையில் முதலில் தலைமை ஆய்வாளரிடம் வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு காலியாக விட்ட அந்தக் கட்டம். நுரையீரல் சுத்தம் என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

வாசலில் அக்கா செருப்பு மாட்டிக்கொள்ளும்போது விழாமல் இருக்க, எப்போதும்போலத் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் அசையாமல் நின்றாள்.

"என்ன, ஒண்ணுமே சொல்லலை?"

"நாளைக்கு எனக்குச் சேர்த்துச் சமைக்க வேணாம்க்கா," என்றாள்.