சித்தியின் மூன்றாவது பல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல்லிலிருந்து கிடைத்தது. என் பல் இல்லை, சித்தியுடையது. மேல்வரிசை, நடுவில், இடப்பக்கம். அலமாரிக் கதவை அவசரமாகத் திறந்தபோது அது பாதியாக உடைந்துவிட்டது. மருத்துவர் மீதியை ராவிவிட்டு, மேலே பொருத்த ஒரு பீங்கான் பல் செய்யச் சொன்னார். அந்த வேலை என் அக்காவிடம் வந்தது. மருத்துவரின் அறைக்கு அடுத்த அறையில் இருக்கும் பல் லேபில் அவள்தான் டெக்னீஷியன்.

பல் என்றால் வெள்ளை என்று நீங்கள் நினைத்தால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஈறின் பக்கம் கொஞ்சம் தேன், நடுவில் பால், நுனியில் ஏறக்குறையக் கண்ணாடி. இதையெல்லாம் பிடிப்பதற்காக அக்கா பக்கத்துப் பல்லை கேமராவில் படம் எடுப்பாள். படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் பீங்கானைப் பூசுவாள். படம் பொய் சொன்னால் பல்லும் பொய் சொல்லும்.

படம் பொய் சொன்னது.

2

நான் முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘பனி விழுந்துகொண்டிருந்த மாலையில், கனத்த கோட்டணிந்த பல் நிபுணர் ஒருவர் ரயிலிலிருந்து இறங்கி, யாருமற்ற நடைமேடையில் தன் நிழலை—’

நிறுத்திவிட்டேன். நான் பனியைப் பார்த்ததே இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவனுக்கு வரும் வியாதி இது. எழுத உட்கார்ந்தால் போதும், பனி கொட்ட ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது தொடக்கம்: ‘ஒவ்வொரு பல்லும் தனித்ததொரு தீவு.’

இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

“எந்தப் பல்லுடா தீவு? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித்தானே இருக்கு?”

“அது ஒரு உருவகம்க்கா.”

“உருவகம்னா ஈறுல நிக்குமா?”

அதையும் அடித்துவிட்டேன். மூன்றாவது தொடக்கத்தைத்தான் நீங்கள் படித்தீர்கள். அதில் ரயில் இல்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

3

எது போனால் யாருக்கு நஷ்டம் என்று சொல்லாமல் கதையை நகர்த்தக் கூடாது.

அக்கா இதுவரை செய்ததெல்லாம் கடைவாய்ப் பற்கள். இருட்டில் கிடந்து மெல்லுகிற பற்கள். யாரும் பார்க்காத இடம் என்பதால் நிறம் முன்னே பின்னே இருந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். முன்பல் அப்படி இல்லை. லேபில் முன்பல் கிடைப்பது பெரிய பதவி மாதிரி. சித்தியின் பல்தான் அவளுக்குக் கிடைத்த முதல் முன்பல்.

செய்து பொருத்திப் பார்த்தார்கள். மஞ்சளாக இருந்தது. மறுபடி படம் எடுத்து மறுபடி செய்தாள். இந்த முறை பச்சையடித்தது.

“பல் பாசி பிடிச்ச மாதிரி இருக்கேம்மா,” என்றார் லேப் முதலாளி. நல்ல மனிதர், ஆனால் நாசூக்கு போதாது. “மூணாவதும் இப்படி வந்துச்சுன்னா, நீ பேசாம கடைவாய்க்கே போயிடு.”

சித்திக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. சித்தி சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். பல் உடைந்த நாளிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். ரேடியோமேல் தலையணையைப் போட்ட மாதிரி.*

* அக்கா இதைப் படித்துவிட்டு, “சித்தியோட கஷ்டத்தத்தான் முதல்ல எழுதியிருக்கணும்,” என்றாள். சரிதான். ஆனால் வரிசையை மாற்றினால் முதலாளி வரும் இடம் கெட்டுவிடுகிறது.

4

அக்கா சும்மா இருக்கவில்லை. டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தாள். கேமராவே நிறத்தை யூகிக்கும் வசதியை நிறுத்தினாள். சாம்பல் நிற அட்டை ஒன்றை நாற்காலியில் சாய்த்து வைத்து, ‘இதுதான் சாம்பல், இதை வைத்துக்கொண்டு மற்றதைப் புரிந்துகொள்’ என்று கேமராவுக்குப் பாடம் நடத்தினாள். லென்ஸைத் துடைத்தாள். வேறு கேமரா கடன் வாங்கினாள். திரையின்மேல் சந்தேகப்பட்டுத் திரையை மாற்றினாள்.

அப்படியும் ஒரே தடவையில் எடுத்த படங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முதல் படம் ஒழுங்காக இருக்கும். நாலைந்து படம் தள்ளி நிறம் மெல்லச் சாயும். கடைசிப் படம்தான் எப்போதும் கூர்மையாக விழும் என்பதால், அவள் அதையே நம்பிப் பல் செய்தாள்.

இந்த இடத்தில் கதைசொல்லியின் கடமையாக ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். சித்தியை பைக்கில் அழைத்து வந்தது நான்தான். முதல் தடவை மழை, எனக்கு மஞ்சள் மழைக்கோட்டு. இரண்டாம் தடவை பாசிப்பச்சை ஸ்வெட்டர். குளிருக்காக இல்லை, எழுத்தாளன் மாதிரி இருக்கும் என்பதற்காக. (புரிந்துவிட்டது என்றால் தயவுசெய்து முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் சிலர் படித்துக்கொண்டு வருகிறார்கள்.)

5

[இங்கே கேமராவுக்குள் ஒரு ஆவி இருப்பதாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஆவிக்குப் பல் வலி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆவியைப் பிடித்த பிறகு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.]

6

மூன்றாவது தடவை. நான் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை.

படம் எடுக்கிற நொடியில் மட்டும்தான் சித்தி சும்மா இருப்பார். உதட்டை இழுத்துப்பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டை எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். அன்று மாடிவீட்டுக்காரர் கதை.

எடுத்து முடித்து, அக்கா படங்களைத் திரையில் வரிசையாகப் போட்டாள். பின்பகுதிப் படங்களில் பல் சிவந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“சித்தி, இந்தப் படத்துக்கு முன்னாடி என்ன சொல்லிட்டிருந்தீங்க?”

“இதுக்கா? ஃபேன் சத்தம் போடுது, மாத்தணும்னு சொன்னேன்.”

“படம் நல்லாருக்கு. இது?”

“மாடிவீட்டுக்காரர் தினம் சாயங்காலம் தலை நனைஞ்சு வர்றாரு, கேட்டா வேர்வைன்னு சொல்றாருன்னு…”

“லேசா சிவப்பு. இது?”

“அவர் பொண்டாட்டி ஒருநாள் சத்தமில்லாம பின்னாடியே போனான்னு சொன்னேன்.”

“நல்லா சிவப்பு.”

சித்தி பதறி வாயைப் பொத்திக்கொண்டார். “அய்யய்யோ! வம்பு பேசினா பல்லுல தெரியுமாடி?”

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“டேய். ஃபேன் பத்திப் பேசும்போது நீ எங்க இருந்தே?”

“அங்க… சுவத்துல சாஞ்சிட்டு.”

“பொண்டாட்டி பின்னாடி போகும்போது?”

அப்போதும் நான் சித்தியின் தாடைக்குப் பக்கத்தில், மிச்சத்தைக் கேட்பதற்காகக் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். ஜன்னல் வெளிச்சம் நேராக என் சட்டையில் விழுந்தது. அங்கிருந்து சித்தியின் கன்னத்திலும், ஈரமான பல்லிலும்.

“அட்டைய வெச்சு கேமராவ சரிபண்ணும்போது நீ வாசல்ல செருப்பு கழட்டிட்டிருப்பே. அப்புறம் கதை சூடு பிடிக்கப் பிடிக்க நெருங்கி நெருங்கி வந்து நின்னுருக்கே. மஞ்சக் கோட்டு. மஞ்சப் பல்லு. பச்ச ஸ்வெட்டர். பச்சப் பல்லு.”

“ஏன்டா,” என்றார் சித்தி, “என் பல்லுக்கு நீயாடா பாசி பிடிக்க வெச்சே?”

“வெளிய போ,” என்றாள் அக்கா.

“அக்கா, அந்தம்மா பின்னாடி போனாங்களே, அதுக்கப்புறம்—”

“வெளிய!”

கதவு சாத்தப்பட்டது. கிளிக், கிளிக் என்று சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல்: “சித்தி, எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கு!”

என் கதையில், நான் இல்லாமல், முதன்முறையாக ஒரு காரியம் ஒழுங்காக நடந்தது.

7

முடிவுக்கு வருகிறேன். இரண்டு தயாராக இருக்கின்றன.

முடிவு ஒன்று: மூன்றாவது பல்லும் பொருந்தவில்லை. அக்கா கடைவாய்ப் பற்களுக்கே திரும்புகிறாள். ஜன்னலுக்கு வெளியே பனி— (மன்னிக்கவும்.)

முடிவு இரண்டு: பல் அச்சாகப் பொருந்துகிறது. சித்தி சிரிக்கிறார், மூன்று வீடு தள்ளி ஒரு குழந்தை விழித்துக்கொள்கிறது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

இரண்டாவதைப் படித்துவிட்டு அக்கா சொன்னாள்: “எங்க முதலாளி எதுக்குடா அழணும்? வெங்காயமா உரிக்கிறாரு?”

இரண்டிலுமே என் சட்டை தெரிகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

8

பல் பொருத்தும் நாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே சித்தி, மருத்துவர், அக்கா, முதலாளி. கதவு மூடியிருக்கிறது. இதை எழுதும்போதும் மூடியேதான் இருக்கிறது.

முதலில் ஏதோ கருவியின் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஒரு பல்லை நான்கு பேர் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், அதைவிட நேரமாகிவிட்டது. முதலாளி “ம்ம்” என்றார். அது எந்த “ம்ம்” என்று கதவு வழியாகச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் சித்தியின் குரல்.

“அன்னைக்குப் பாதியில விட்டேன்ல? அந்தம்மா பின்னாடியே போனா. பாத்தா, நீச்சல் குளம். மனுசன் நீச்சல் கத்துக்கறாரு, அஞ்சு வயசுப் பிள்ளைங்களோட! இடுப்புல காத்தடிச்ச வாத்து வேற. அவரு இவளப் பாத்துட்டாரு. பாத்ததும் அந்தத் தண்ணியிலயே—”

குரல் தணிந்துவிட்டது. கதவில் காதை வைத்தும் கேட்கவில்லை. அடுத்து ஒரே வெடிச்சிரிப்பு. அக்கா சிரிக்கிறாள், முதலாளி இருமி இருமிச் சிரிக்கிறார். நடுவில் சித்தி. ஆனால் வாயில் கை இருக்கிறதா, இல்லையா? கதவே ஒரு தலையணை மாதிரிதான், எதையும் சொல்ல மாட்டேன் என்கிறது.

இப்போது கதவு ஒரு விரல் அளவு திறக்கிறது. அக்காவின் கை மட்டும் வெளியே வருகிறது. அதில் ஒரு சாம்பல் நிற மேலங்கி.

“இத மாட்டிட்டு வேணும்னா வா,” என்கிறாள்.

வாங்கிக்கொண்டேன். என் மடியில் இருக்கிறது. ஆனால் எனக்கு என்னைத் தெரியும். எந்த அங்கியை மாட்டினாலும் நான் உள்ளே போய்ப் பார்க்கப்போவது இரண்டாவது முடிவைத்தான். சித்தி வாயிலிருந்து கையை இறக்காவிட்டால், நானே இறக்கிவிட்டு எழுதிவிடுவேன்.

ஆகவே, இந்தாருங்கள். பட்டன் முன்பக்கம். கழுத்து வரைக்கும் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போய், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று, முதலில் சித்தியின் பல்லைப் பாருங்கள், பிறகு கையைப் பாருங்கள், கடைசியாக அக்காவின் முகத்தைப் பாருங்கள்.

சித்தி அந்தக் கதையை உங்களுக்காக முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தால் மட்டும், முன்னால் குனியாதீர்கள்.