பின்தங்கிய ஆறு நிமிடம்

கழக்கூட்டத்து மென்பொருள் அலுவலகத்தில் புதிய குழுவுக்குத் தலைமை ஏற்கப் போவது லலிதாம்பாளா, பத்மஜாவா என்பது ஓர் அறிக்கையைப் பொறுத்திருந்தது. சென்ற செவ்வாயன்று முன்பதிவுத் தளம் நின்றுபோனபோது, ஆளுக்கொரு சர்வரைக் கவனித்த இருவரும் ஒரே பழுதைத் தனித்தனியே கண்டு நீக்கினர். முந்தியவர் யார் என்று மேலாளர் சுதீஷ் கேட்டிருந்தார். எழுதும் பொறுப்பு மூத்தவளான லலிதாம்பாளிடம் வந்தது.

அறிக்கை எழுத வேண்டிய நாளின் விடியலில் ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து கோயிலுக்குச் சென்றவள், அரவணையில் கிடந்தருளுபவனின் திருமுகம், உந்தி, திருவடி என மூன்று வாயில்களிலும் அந்தத் தலைமையையே வேண்டினாள். தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதைவிட, பத்மஜாவுக்குக் கிடைக்கக் கூடாது என்பதிலேயே நெஞ்சு நின்றது. தானோ ஒன்பது ஆண்டுகள் உழைத்தவள். ஆரியசாலை மளிகைக்கடை வீட்டிலிருந்து நேற்று வந்தவளைச் சுற்றியல்லவா எல்லோரும் சாப்பிட அமர்கிறார்கள்!

அலுவலகத்தில் திறந்து பார்த்த சர்வர் பதிவுகள் அவள் பக்கமே பேசின. பழுது நீங்கிய நேரம் அவள் சர்வரில் 11:20, பத்மஜாவுடையதில் 11:23. மகிழ்ந்து நிமிர்ந்தவளின் கண் கைப்பேசியில் பட்டது. மணி 3:10. அவள் சர்வரோ 3:04 என்றது.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சோதனைக்காக, சர்வர் கடிகாரத்தைப் பொது நேரத்தோடு இணைத்து வைக்கும் நேர ஒத்திசைவை நிறுத்தியவள், மீண்டும் இயக்க மறந்திருந்தாள். நாளுக்குச் சில நொடிகளாகக் கடிகாரம் பின்தங்கிவிட்டது. அவள் பழுதை நீக்கியது உண்மையில் 11:26.

ஒத்திசைவை இயக்கினாள், ஒரே தாவலாக அல்ல, எவர் கண்ணிலும் படாதவாறு சிறுகச் சிறுக நேரம் கூடும்படி. மாலைக்குள் கடிகாரம் மெய் சொன்னது. அறிக்கை பொய்யாகவே சென்றது.

மறுநாள் கூட்டத்தில் சுதீஷ் அறிவித்தார்: “லலிதாதான் ஆத்யம், மூணு நிமிஷம் முந்தி, சரியாக்கினது. குழுவை அவங்களே நடத்தட்டும்.”

முதலில் கைதட்டியவள் பத்மஜா. “கலக்கிட்டீங்க அக்கா! மூணே நிமிஷத்துல என்னைத் தோக்கடிச்சாச்சு. ட்ரீட் உண்டல்லோ?”

லலிதாம்பாள் அம்முகத்தில் ஒரு சுளிப்பைத் தேடினாள். நிழல்கூட இல்லை. தோற்றும் இவள் சிரிக்கிறாள். வென்ற எனக்கு அது வாய்க்கவில்லையே! பெருந்தன்மையும் இவளுக்கே சொந்தமா? நெஞ்சு முன்னினும் எரிந்தது.

“போதும்டி, தட்டாதே! என் சர்வர் கடிகாரம் ஆறு நிமிஷம் பின்னால ஓடிண்டிருந்தது. தெரிஞ்சேதான் எழுதினேன். நீதான் முதல்ல.”

பத்மஜாவின் கைகள் நின்றன. “அய்யோ… எதுக்குக்கா?”

அந்த முகத்தில் சிரிப்பு அணைவதைக் கண்டபோது, இத்தனை நாளில் முதன்முறையாக லலிதாம்பாளின் நெஞ்சு குளிர்ந்தது.